ஜன்னலோரக் காது

டாக்டர் ஞானசிகாமணியின் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்க வேண்டியதில்லை. நோவுள்ள உறுப்பை மட்டும் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். டாக்டர் வரும்வரை முழு ஆளையும் உட்கார வைத்தால் ஊரில் வேலைவெட்டி நடக்க வேண்டாமா?

முருகவேள் தன் வலது காதை ஜன்னலோர நாற்காலியில் வைத்துவிட்டு, மப்ளரைக் கட்டிக்கொண்டு ஃபேன் ரிப்பேர் கடையைத் திறக்கப் போனான். கிளினிக்கில் நடப்பதெல்லாம் கடையிலிருந்தே அவனுக்குக் கேட்டது. பேரைக் கூப்பிட்டால் ஓடி வந்துவிடலாம். ஆனால் கூப்பிட்டால்தானே! "இதோ, இப்ப வந்துடுவார்" என்பதைத் தவிர கம்பவுண்டர் தாவீது வேறொன்றும் சொல்வதில்லை. மாதம் ஒன்று போயிற்று. முருகவேள் பல்லை நறநறவென்று கடித்தான்.

அப்போதுதான் பக்கத்து நாற்காலிக்கு ஒரு தொண்டை வந்து சேர்ந்தது.

"டாக்டர் சாப்பிடப் போயிருக்காராம். எந்த ஊருக்குப் போய்ச் சாப்பிடுறார்?" என்று அது கரகரத்தது.

கடையில் தனியாக இருந்த முருகவேள் வாய்விட்டுச் சிரித்தான். தான் டியூஷன் டீச்சர் திலகவதியின் தொண்டை என்று அதுவே சொல்லிக்கொண்டது. கடைக்கு எதிர்வீட்டு மாடியில் அவள் பேச்சில்லாமல் பலகையில் எழுதிப் பாடம் நடத்தினாள். மனதில் நினைத்ததையெல்லாம் தொண்டை இங்கே கொட்டித் தீர்த்தது. பக்கத்தில் காது இருப்பதைப் பார்த்துத்தான் அந்த நாற்காலியையே பிடித்திருந்தாள். குறுக்கே பேசாமல் கேட்கும் ஆள் அவளுக்கு வாய்த்ததேயில்லை.

அதன் பிறகு டாக்டரின் கார் சத்தம் கேட்டாலே, அது நிற்காமல் போகட்டும் என்று முருகவேள் வேண்டிக்கொண்டான். குணமாகிவிட்டால் அந்தக் குரலை எங்கே போய்க் கேட்பது? நேரில் பேச அவனுக்கு தைரியம் கிடையாது.

ஒருநாள் தாவீது கூப்பிட்டேவிட்டார். "முருகவேள், உள்ள வாங்க!"

மூச்சிரைக்க வந்து நின்றான்.

"போயிட்டு வாங்க. நல்லபடியா குணமாகட்டும்" என்றது தொண்டை. குரல் உடைந்திருந்தது.

முருகவேளால் தாங்க முடியவில்லை. "அண்ணே, எனக்கு அவசரமில்ல. கடைசில போட்டுடுங்க."

"அப்ப அடுத்தது திலகவதி."

முருகவேள் ஓடியதை மாடியிலிருந்து பார்த்துவிட்டு, வாசலில் திலகவதி வந்து நின்றிருந்தாள்.

"என்னை அவருக்குப் பின்னால போடுங்க" என்றது தொண்டை. ஆமாம் என்று அவள் தலையாட்டினாள்.

வைகாசியில் கிளினிக்கிலேயே கல்யாணம். காதையும் தொண்டையும் எடுத்தால் இடம் போய்விடும். டாக்டரும் வந்தார். முதல் பந்தி நிரம்பிவிட்டிருந்தது. வேறொரு கல்யாணத்துக்கும் போக வேண்டியிருந்ததால், தன் வயிற்றை நாற்காலியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

நாலாம் பந்தி முடிந்த பிறகும் அது அங்கேயே இருந்தது. உறுமும்போதெல்லாம் தொண்டை அதனிடம், "இதோ, இப்ப வந்துடும்" என்று சொன்னது.