வெரோணியின் வாசலில் கட்டிய வலை

ஆண்டுக்கொரு தடவை, ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, கடல் கல்லுவிளைத்துறைக்குப் பந்து விளையாட வரும். பதினோரு அலைகள் இறங்கும். மாற்று ஆட்டக்காரர்கள் என்று பின்னால் கணக்கில்லாமல் வந்து நிற்கும். அதைப் பற்றி ஊரில் யாரும் மூச்சு விடுவதில்லை. விருந்தாளி எத்தனை பேரைக் கூட்டி வந்தான் என்று தலை எண்ணுவது அழகா என்ன?

ஊர் அணிக்கென்று தனியாகக் கோல் கம்பம் கிடையாது. கரையில் முதல் வீடு எதுவோ, அதன் வாசல்தான் கோல். அந்த வீட்டுக்காரர்தான் கோல்கீப்பர். பந்து வாசலைத் தாண்டிவிட்டால் கடலுக்குக் கோல். கோல் அடித்த கடல் பந்தை எடுக்க உள்ளே வரும், வந்தால் வீட்டோடுதான் திரும்பும். இதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, ஆட்டத்தின் விதி அப்படி. போன வருஷம் பிரகாசியின் வாசல் கோலாக இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த வீடு வெரோணியுடையது. ஆகவே இந்த வருஷம் வெரோணி கோல்கீப்பர்.

பந்தைப் பற்றி வெரோணிக்குத் தெரிந்ததெல்லாம் அது உருண்டையாக இருக்கும் என்பது மட்டும்தான். காலையில் மீன் கூடையைத் தலையில் தூக்கினால் மத்தியானம்தான் இறக்குவாள். ஆட்டம் பார்க்கப் பொழுது ஏது? புருஷன் கொச்சிப் பக்கம் மீன்பிடி போட்டில் வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும் பிரகாசியும்தான். பிரகாசி அவளுடைய அண்ணன் பெண்டாட்டி, ஊருக்கே மைனி. வீடு போனதிலிருந்து இங்கேதான் இருந்தாள். போன வருஷம் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, "ஒரு கொதி வாறதுக்குள்ள முடிஞ்சிரும்" என்று கோலுக்கு நிற்கப் போனவள். அந்தச் சோற்றின் நினைப்பு அவளை விடவே இல்லை. ராத்திரி தூக்கத்தில்கூட, "வெந்திருக்கும், இப்ப வெந்திருக்கும்" என்பாள்.

வெரோணி ஒரு வாரமாக வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தாள். போன கிறிஸ்மஸுக்குத்தான் முன்னறையில் டைல்ஸ் போட்டாள். கதவுக்கு நீல வண்ணம் அடித்தது புருஷன். இந்த வீடும் போய்விட்டால் இரண்டு பேரும் எங்கே போவது? கேட்டால், பின்னால் இன்னும் எத்தனையோ வீடு இருக்கிறதே என்று ஊர் சொல்லும். சொல்வது சுலபம்.

சனிக்கிழமை மத்தியானம் ஏலக் கொட்டகையில் ஆட்டத்துக்கு முந்தைய கூட்டம் நடந்தது. கோச் வியாகுலமும் ஒரு காலத்தில் முதல் வீட்டுக்காரர்தான். தோற்ற பிறகுதான் அவருக்கு ஆட்டம் பிடிபட்டது. கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின் மேல் சிப்பிகளை அடுக்கி ஆட்களை நிறுத்திக் காட்டினார். கடைசி வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலிகளில், கடலின் சார்பில் இரண்டு அலைகள் வந்து உட்கார்ந்திருந்தன. ஊருக்கு வருகிறவர்களிடம் திட்டத்தை ஒளித்து வைப்பது மரியாதை இல்லை என்பதால் ஒவ்வொரு வருஷமும் அழைப்பதுண்டு. ஏலக்காரர் தொபியாஸ் அவற்றுக்கும் டீ கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டன.

"உள்ளதச் சொல்லிப்போடுதேன்" என்றார் வியாகுலம். "வாறது லேசுப்பட்ட டீம் இல்ல. போன வாரம் புன்னமூட்டுத்துறையில மூணு கோல் போட்டிருக்காவ. ஐஸ் கம்பெனி, சைக்கிள் கடை, பொறவு கல்லறைத் தோட்டத்து மதில். மூணும் கடைசி நேரத்துல விழுந்த கோலாக்கும். ஏன்னா அவியளுக்கு எளைக்காது. நமக்கு எளைக்கும்."

பின்வரிசை அலைகள் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டன.

"எடது பக்கம் பாறை கெடக்கு. அதுவழியா வரமாட்டாவ. வலது பக்கம் ஓடை வாய் தொறந்து கெடக்கு, அதுவழியாத்தான் ஏறுவாவ. அதனால நம்மாளு எட்டுப் பேரு பின்னால நிக்கணும். முன்னால ரெண்டு பேரு போதும். ஒரே ஒரு கொற உண்டு அவிய கிட்ட. எம்புட்டு வேகமா வந்தாலும் திரும்பிப் போயாவணும். கோல் வாசல்லயே நின்னாலும் போயாவணும். அந்தப் போற நேரந்தான் நமக்கு. பந்தைத் தட்டிட்டு ஓடணும்."

"ஓடி?" என்றாள் பிரகாசி.

"ஓடி என்ன, திரும்பி வரணும். சமன் ஆனாப் போதும் மைனி. வீடு நின்னாச் சரி."

பிறகு வலைப் பேச்சு வந்தது. போன வருஷம் அது கோலா இல்லையா என்று ஒரு தகராறு. வீடே போன பிறகு வாசல் எங்கே இருந்தது என்று யார் சொல்ல முடியும்? அதனால் இந்தத் தடவை வாசலுக்கு வலை கட்டியே ஆக வேண்டும் என்று கடல் கேட்டிருந்தது. நியாயமான கோரிக்கை. யாருடைய வலை என்று கேட்டதற்கு, கோல்கீப்பருடையது என்றார் தொபியாஸ். அவர்தான் நடுவர். ஊரிலேயே உரத்த குரல் அவருக்குத்தான்.

வெரோணி கையைத் தூக்கினாள். அவளுக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"என் வலையாண்ணே கட்டுறது?"

"ஆமா."

"அப்ப அதுல விழுந்தா எனக்குத்தான?"

வியாகுலம் ஒரு சிப்பியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "இல்லம்மா. வலையில விழுந்தா கோல் அவியளுக்கு."

"அதெப்படி? என் வலைல்லா? என் வலையில விழுந்தா என் பாடு. வலை என்னுது, விழுந்தது ஊரானுக்குன்னு எந்தக் கரையில உண்டு?"

பாடு என்றால் அன்றைக்கு வலையில் கிடைத்தது. அந்தக் கரையில் பிறந்த எவரும் அந்தச் சொல்லுக்கு எதிராக ஒரு வார்த்தை பேச முடியாது. இத்தனை வருஷமாக வலை கட்டாமல் ஆடியதால் இந்தக் கேள்வி வரவே இல்லை. எல்லோரும் தொபியாஸைப் பார்த்தார்கள்.

"வலையில விழுந்தது வலைக்காரிக்கு" என்றார் தொபியாஸ். "அதுல என்ன சந்தேகம்?"

எல்லோரும் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார்கள். எத்தனையோ தலைமுறையாக எத்தனையோ வலைகளில் மீனைப் போட்டுக் கொடுத்த கடலுக்கு இந்த வழக்கம் தெரியாதா? இரண்டு அலைகளும் ஒன்றோடு ஒன்று கிசுகிசுத்தன. டீயை அப்படியே வைத்துவிட்டு, நாற்காலிகளை நனைத்தபடி எழுந்து போயின.

வியாகுலம் சிப்பிகளைக் கலைத்தார். "அப்ப எல்லாம் மாறிப்போச்சு" என்றார். "பின்னால யாரும் நிக்காண்டாம். ஓடை வாயையும் அடைக்காண்டாம். வெரோணி, நீ கதவ ரெண்டு பக்கமும் தொறந்து போட்டிரு. பந்து வந்தா ஒதுங்கிக் கொடு."

"ஒதுங்கவா?"

"ஒதுங்கணும்."

வீட்டுக்கு நடக்கும்போது வெரோணிக்கு அழுகையே வந்துவிட்டது. தெரியாமல் ஒரு கேள்வி கேட்கப் போக, இப்போது கடலுக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். இதற்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "எம்மா தாயே, எனக்கு எதுக்கு இந்த வாய்?" என்றாள். பிரகாசி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டதுல என்ன தப்பு? நான் கேக்காம நின்னேன். என்ன ஆச்சு பாத்தேல்லா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் முழுக்கக் கரைக்கு வந்துவிட்டது. வெரோணி தன் கரைவலையின் மடியை, மீன் வந்து சேரும் அந்தப் பையை, வாசலில் இழுத்துக் கட்டியிருந்தாள். நீலக் கதவுகள் சுவரோடு சாய்ந்து கிடந்தன. வாசலில் நின்றால் டைல்ஸின் குளிர்ச்சி குதிகாலில் பட்டது.

தொபியாஸ் விசில் ஊதினார். கடல் வரவில்லை.

வந்துதான் இருந்தது, ஆனால் கிட்டே வரவில்லை. பதினோரு அலைகளும் தங்கள் பாதியிலேயே நெருக்கமாக நின்றுகொண்டன. பந்து காலில் பட்டால் பின்னால் தட்டின, பக்கவாட்டில் தட்டின. தவறிப்போய்க்கூட வாசல் பக்கம் உதைக்கவில்லை. வலையில் விழுந்தால் வெரோணியின் பாடு ஆகிவிடுமே! ஊர் ஆட்டக்காரர்கள் முன்னே போகப் போக, கடல் பின்னே போனது. யாரும் பார்த்திராத மணல் வெளியே வந்தது. பழைய நங்கூரங்கள் தெரிந்தன. சைக்கிள் கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது.

நம்மவர்களாலும் கோல் போட முடியவில்லை. கடலின் கோலில் பந்தைப் போட்டால் அதே வழக்கப்படி அது கடலின் பாடு. இரண்டு பக்கமும் பந்தை மரியாதையாக எதிராளிக்கே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் இடைவேளைக்குப் பிறகு வேர்க்கடலை கொறித்தபடி ஊர்க் கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். வெரோணிக்கு முதன்முதலாக மூச்சு சீரானது. இப்படியே முடிந்தால் போதும், மாதாவே.

முடிய இருந்த நேரத்தில் கடல் ஓர் ஆளை மாற்றியது. உள்ளே இறங்கியது சின்ன அலை. இந்த ஆனியில்தான் எழும்பியது. முந்தைய நாள் கூட்டத்துக்கு அது வரவில்லை, அதனிடம் யாரும் விஷயத்தைச் சொல்லவும் இல்லை. பந்து காலில் கிடைத்ததும் சந்தோஷம் தாங்காமல் ஓடை வாய் வழியாக ஓடி வந்தது. பின்னாலிருந்து பத்து அலைகளும் இரைந்து கத்தின. அது தனக்கு உற்சாகம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டது, பாவம்.

வெரோணி வாசலின் நடுவில் நின்றாள். பின்னால் அவளுடைய அடுப்பு, கட்டில், புருஷனின் சட்டை, டைல்ஸ். கை தானாகப் பந்தைத் தடுக்க நீண்டது. "ஒதுங்கு, ஏட்டி, ஒதுங்கு!" என்று பிரகாசி அலறினாள். வெரோணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒதுங்கினாள். அவள் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை செய்ததில்லை.

பந்து வலையில் விழுந்தது. அதன் பின்னாலேயே அலையும் விழுந்தது. வாசற்கால் கிரீச்சென்றது. வலை உள்ளே உப்பி, டைல்ஸைத் தொட்டு, நின்றது. அலை மடிக்குள் கிடந்து துள்ளியது.

தொபியாஸ் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ஆனால் வலை நிறையப் பாடு கிடப்பதைப் பார்த்ததும் பழக்கம் முந்திக்கொண்டது. "அலை, ஒண்ணு! புதுசு! ஆரு கேக்கிய? ஒரு தரம்!" என்றார். யாரும் கேட்கவில்லை. உப்புத்தண்ணீர் எல்லோர் வீட்டு வாசலிலும் இருந்தது. "ரெண்டு தரம், மூணு தரம். ஏலம் போவல. வலைக்காரியே எடுத்துக்கலாம்" என்றார். பிறகு நினைவு வந்து விசிலை ஊதினார். ஊருக்கு ஒன்று, கடலுக்கு ஒன்றுமில்லை.

வெரோணி அலையை வீட்டுக்குள் தூக்கிப் போய் அண்டாவில் விட்டாள். அது விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தது, விசும்பியது. வெளியே ஊர் வியாகுலத்தைத் தோளில் தூக்கி ஆடிக்கொண்டிருந்தது. வெரோணிக்கு வெற்றி ருசிக்கவில்லை. "அழாத மக்கா" என்று அண்டாவின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் தாழ்ந்தபோது கடல் வந்தது. இரைச்சல் இல்லாமல் வந்து, வாசற்படிக்கு வெளியே நின்றது. கேட்காமல் உள்ளே வரவில்லை.

"பிள்ளையத் தேடி வந்திருக்கு மைனி" என்றாள் வெரோணி. "கொடுத்திருவமா?"

"கொடுக்கலாம்" என்றாள் பிரகாசி. எழுந்து படிக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள். "உன் பிள்ள இங்க பத்திரமா இருக்கு. என் வீடு எங்க?"

கடல் பின்வாங்கிப் போனது. இருட்டுவதற்குள் திரும்பி வந்தது, பிரகாசியின் வீட்டைத் தூக்கிக்கொண்டு. பழைய இடத்திலேயே, வெரோணியின் வீட்டுக்கு முன்னால், மெதுவாக இறக்கி வைத்தது. கொடியில் காயப்போட்ட துணி அப்படியே கிடந்தது. கூரை இடுக்கிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

வெரோணி அண்டாவைத் தூக்கி வந்து படியில் சாய்த்தாள். சின்ன அலை துள்ளிப் போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. அவள் வாசலில் கட்டியிருந்த வலையை அவிழ்த்துச் சுருட்டி, பிரகாசியின் வாசலில் கொண்டுபோய் வைத்தாள். அடுத்த வருஷம் கோல் அங்கேதான்.

பிரகாசி அதற்குள் அடுக்களைக்குப் போயிருந்தாள். மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏட்டி வெரோணி, தட்ட எடுத்துட்டு வா" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "சோறு இப்பத்தான் வெந்திருக்கு."