சித்தப்பா வீட்டு அம்மா

முப்பது வயதைத் தாண்டி, ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே அதட்டி மேய்க்கிற நர்ஸாக ஆன பிறகும் சொந்தக்காரர்களுக்கு அவள் பாப்பாதான். அந்தப் பாப்பா இப்போது வீடு வீடாகப் போய்த் தன் அம்மாவின் தலையில் குட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா இறந்தபோது அவள் கைக்குழந்தை. கேமராவைக் கண்டாலே அம்மாவுக்கு ஆகாதாம்; இருக்கிற இரண்டு மூன்று படங்களிலும் குனிந்தே நிற்கிறாள். அப்பா சிற்பி. களிமண்ணில் அம்மாவின் தலையை மூன்று முறை செய்தார். வேலை செய்கிற ஷெட் மழைக்கு ஒழுகும் என்பதால் பெரியப்பா, அத்தை, சித்தப்பா வீடுகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால் பாப்பா பார்த்த இரண்டில் ஒன்றின் ஜாடை இன்னொன்றுக்குக் கிடையாது. பெரியப்பா வீட்டு அம்மா முறைப்பாள். அத்தை வீட்டு அம்மா சிரிப்பாள். சித்தப்பா வீட்டு அம்மா பீரோவுக்கு மேலே, தூசி படக்கூடாது என்று துணி போர்த்தியபடியே இருப்பாள். எது நிஜ அம்மா என்று சின்ன வயதில் கேட்டால், "எல்லாம் அம்மாதான்" என்று அப்பா நழுவிவிடுவார்.

போன மாதம், வாய் கோணி நாக்குக் குழறிப் படுத்துக் கிடந்தபோதுதான் விஷயத்தைக் கக்கினார்.

"ஒண்ணுதான் பாப்பா, அவளை எதிர்ல உக்கார வெச்சு செஞ்சது. மத்த ரெண்டும் அவ போனப்புறம் நெனப்புல செஞ்சது. அந்த ஒண்ணை மட்டும் நான் சுடல. சூளையில வெடிச்சிட்டா என்ன பண்றது? பச்சை மண்ணாவே குடுத்துட்டேன். தண்ணி பட்டா கரைஞ்சிடும்."

"யார்கிட்டப்பா குடுத்தீங்க?"

அது மட்டும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. சொன்னால் பயந்துகொண்டு வாங்க மாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவும் இல்லையாம். இரண்டு நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

காரியங்கள் முடிந்ததும் பாப்பாவுக்கு அந்த ஒரு கவலைதான். இத்தனை வருஷம் இல்லாத அவசரம் இப்போது வந்தது. சுட்ட மண்ணை விரல் முட்டியால் தட்டினால் டங்கென்று பேசும், சுடாதது தொப்பென்று முனகும். சிற்பி மகளுக்கு அது கூடவா தெரியாது?

பெரியப்பா வீட்டில் ஹாலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சாமான்களோடு அம்மாவையும் பால்கனியில் தள்ளியிருந்தார்கள். முந்தின நாள் நல்ல மழை. பாப்பா ஓடிப்போய் மேலே கிடந்த பிளாஸ்டிக்கை விலக்கித் தட்டினாள். டங். உயிர் வந்தது. வந்த உயிர் பாதியிலேயே நின்றது, ஏனென்றால் இது நிஜ அம்மா இல்லை.

அத்தை வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அத்தைக்குக் கண் மங்கல், சுத்தம் மட்டும் குறையவில்லை.

"நீ கவலையே படாத பாப்பா. தினம் ஈரத்துணியால துடைச்சிட்டுதான் காப்பியே குடிப்பேன்."

அந்த முகம் வழவழவென்று இருந்தது. அப்பா அப்படிச் செய்தாரா, அத்தை துடைத்துத் துடைத்து அப்படி ஆயிற்றா? பாப்பா கையை ஓங்கிவிட்டுத் தட்டத் துணிவில்லாமல் நின்றாள்.

"எதுக்கும்மா அவளை அடிக்கப் போற? அவ பாட்டுக்கு சிரிச்சிட்டுதான இருக்கா?"

டங்.

ஆக, மிச்சம் சித்தப்பா. பஸ்ஸில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். அம்மா பத்திரமா என்று போனில் கேட்டதற்கு அவர் சொன்னதுதான் உறுத்தியது. "அதெல்லாம் நான் எப்பவோ சரி பண்ணி வெச்சிட்டேன், நீ வா." சித்தப்பா சரி பண்ணிய ஃபேன் அவர் வீட்டில் இன்றைக்கும் சுவிட்சை அணைத்தால்தான் சுற்றுகிறது. உடைந்ததை ஒழுங்காக உடைந்தபடி விட அந்த மனிதருக்குத் தெரியாது.

சித்தப்பா பீரோ மேலிருந்து அம்மாவை இறக்கி, துணியை உருவினார். தங்க நிறத்தில் எனாமல் பெயிண்ட், கழுத்திலிருந்து கொண்டை வரை பளபளவென்று. வெளியே கேட்டிலும் அதே நிறம்.

"உங்களுக்கு அறிவிருக்கா சித்தப்பா?"

அவரிடம் அவள் அப்படிப் பேசியதே இல்லை. சித்தி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். பாப்பா விரலை மடக்கித் தட்டினாள்.

தொப்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பாவும் எதிரே உட்கார்ந்தார்.

"மண்ணு உதிர்ந்துட்டே இருந்துச்சு பாப்பா. உன் சித்தி ஈரத்துணியால ஒரு தடவைதான் துடைச்சா. மூக்கு கையோட வந்துடுச்சு. அண்ணன்கிட்ட சொல்ல பயம். களிமண்ல கோந்து கலந்து புது மூக்கு வெச்சேன். மறுபடி ஈரம் பட்டா அண்ணி மொத்தமா போயிடுவாங்கன்னுதான் பெயிண்ட் அடிச்சேன். துணி போட்டதும் அண்ணன் கண்ணுல படக்கூடாதுன்னுதான்."

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே பயம். இரண்டு பேரும் இத்தனை காலம் ஒருவருக்கொருவர் தெரியாமல் மூடி வைத்திருக்கிறார்கள். பாப்பா கிட்டே போய்ப் பார்த்தாள். தங்கப் பூச்சுக்குக் கீழே அம்மா முறைக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், ஒரு புருவத்தை லேசாகத் தூக்கி, முடிஞ்சுதா, எழுந்திருக்கட்டுமா என்று கேட்கப் போகிற முகம். நினைப்பில் செய்கிற எவருக்கும் அந்த அலுப்பு வந்திருக்காது. இதுதான் அம்மா.

"மூக்கு இப்படித்தான் இருந்துச்சா சித்தப்பா?"

சித்தப்பா சித்தியைப் பார்த்தார். சித்தி தரையைப் பார்த்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்ல பாப்பா. ஆனா உனக்கு அப்படியே உங்கம்மா மூக்குன்னு எல்லாரும் சொல்வாங்கல்ல? நீ அப்ப ஸ்கூல் லீவுக்கு இங்க வந்திருந்தே. மத்தியானம் தூங்கிட்டிருந்தே. உன் சித்தி ஜன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டினா. உன்னைப் பாத்துப் பாத்துதான் செஞ்சேன்."

பாப்பா ஒரு கையால் தன் மூக்கையும் மறு கையால் அம்மாவின் மூக்கையும் தொட்டாள். பிறகு தாங்க முடியாமல் அழுதாள். சித்தப்பா பதறிப்போய், தின்னர் போட்டால் பெயிண்ட் போய்விடும் என்று எழுந்தார்.

"கையைக் கட்டிட்டு உக்காருங்க சித்தப்பா. இனிமே அம்மாவை நீங்க தொடவே கூடாது."

அவர் அப்படியே உட்கார்ந்தார். சித்தி மெல்லப் பக்கத்தில் வந்தாள்.

"மூக்கு கொஞ்சம் பெரிசாயிடுச்சோன்னு எனக்கு அப்பவே சந்தேகம் பாப்பா."

"இல்ல சித்தி," என்றாள் பாப்பா, மூக்கைத் துடைத்துக்கொண்டே. "எங்க மூக்கே பெரிசுதான்."