கழுவி வரட்டும்

தட்டு மேஜைக்கு வந்தபோது எல்லோரும் பேகலைப் பார்த்தார்கள். ஷெர்லின் மட்டும் காபியைப் பார்த்தாள். ஐந்து வெள்ளைப் பீங்கான் கப், ஒரு பேப்பர் கப். அது யாருக்கு என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தட்டைக் கொண்டுவந்த கடை முதலாளி பிரசன்னா, அந்தப் பேப்பர் கப்பை ரொம்பவும் பணிவாக அவள் முன்னால் வைத்தான். மற்றவர்களுக்குப் பேகல் தட்டில் இருந்தது. அவளுக்கு மட்டும் வெள்ளித்தாளில் சுற்றி, எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் பாக்கி என்பதுபோல வந்திருந்தது.

விருந்தே அவளுக்குத்தான். கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி லைனுக்கு அவளை டீம் லீடராகப் போட்டிருப்பதாக அன்று காலைதான் சொன்னார்கள். முதல் ஷிப்ட் முடிந்ததும், ஸ்ரீபெரும்புதூர் மாடவீதியிலிருந்து வேலைக்கு வரும் தோழி மேதா, லைனில் இருக்கும் பெண்கள் நாலு பேரையும் சேர்த்துக்கொண்டு இவளை இழுத்து வந்துவிட்டாள். வேறு எங்காவது போகலாம் என்று ஷெர்லின் சொல்லிப் பார்த்தாள். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் கடைசியில் கூடவே வந்தாள்.

ஒரகடம் சாலையில் 'நம்ம ஊரு காபி அண்ட் பேகல்' என்றால் தெரியாத கம்பெனிக்காரர் கிடையாது. பேகல் என்பது நடுவில் ஓட்டை விட்ட பன். கடித்தால் லேசில் விட்டுக்கொடுக்காது. கத்தாரில் ஒரு ஓட்டல் சமையலறையில் அதைக் கற்றுக்கொண்டு வந்த பிரசன்னா, கொரியாக்காரர்களுக்குச் சீஸ் தடவியும் நம்மவர்களுக்குப் பொடியும் நெய்யும் தடவியும் விற்றான். பிழைக்கத் தெரிந்த பிள்ளை. காபியையும் குறை சொல்ல முடியாது. இது உள்ளூர்க்காரன் கடை, உங்கள் சொந்த வீடு என்று சுவர் முழுக்க எழுதிப் போட்டிருந்தான். வெளியூர்ப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளூர்க்காரன் என்பதுதான் வினையே. பெரிய கம்பெனி காபிக் கடைகளில் கப்பில் எழுத ஒரு பெயர் கேட்பார்கள். அதற்கு மேல் எவருக்கும் எதுவும் தெரியாது. பிரசன்னாவுக்கு எல்லாம் தெரியும். அவர்கள் ஊரில் ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. அவன் ஊர், அவள் காலனி. ஒரே பஸ்ஸில் ஒரே பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள், ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்கள். அவள் எந்த நிறுத்தத்தில் ஏறினாள் என்பதை அவன் கத்தாருக்குப் போயும் மறக்கவில்லை.

முதல் தடவை அவள் வந்தபோது பிரசன்னா கடையில் இல்லை. அஸ்ஸாமிலிருந்து வந்து வேலை செய்யும் பெண் ஒருத்தி சிரித்த முகமாகப் பீங்கான் கப்பில், நுரைமேல் இலை வரைந்து கொடுத்தாள். அடுத்த முறை அவன் கல்லாவில் இருந்தான். நிமிர்ந்து பார்த்தான், நலம் விசாரித்தான், உள்ளே திரும்பி அவளுக்குப் பேப்பர் கப் என்று குரல் கொடுத்தான். கூட்ட நேரம், அதனால்தான் என்று ஷெர்லின் நினைத்துக்கொண்டாள். அதற்கடுத்த முறை கூட்டமே இல்லை. அவசரமாகப் போகிறவள் என்று நினைத்திருப்பான் என்று அவளே அவனுக்காகச் சமாதானம் தேடினாள். பிறகு ஒருநாள் அவன் சொல்லும் முன்பே தானே முந்திக்கொண்டு, பார்சல் போதும் என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு பஸ்ஸில் போகும்போது தன்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அவன் கேவலப்படுத்துவதற்கு இவள் வசதி செய்து கொடுத்திருக்கிறாள்.

அப்பா தாவீதிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. அந்தக் காலத்து டீக்கடையில் காலனிக்காரர்களுக்கென்று ஒரு கிளாஸைக் கூரையில் சொருகி வைத்திருப்பார்கள், நாமே எடுத்து, குடித்து, கழுவிச் சொருகிவிட்டு வரவேண்டும் என்று ஏதோ வேடிக்கைக் கதைபோலச் சொன்னார். இப்போது கழுவும் வேலையாவது மிச்சம் என்றார். ஷெர்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வாய்விட்டு ஏசியிருந்தால்கூட ஆறியிருக்கும், அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. அவர் பிரசன்னா கடைக்கு நேர் எதிரே ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. கொளுத்தும் வெயிலிலும் சாலையைத் தாண்டி அந்தக் கடைக்குள் காலெடுத்து வைத்ததில்லை. செக்யூரிட்டி காண்ட்ராக்ட் பிரசன்னாவின் தகப்பன் அப்பாவு கையில் இருந்தது. நிலம் கொடுத்தவர்களுக்குக் காண்ட்ராக்ட் கிடைத்தது. அந்த நிலத்தில் கூலிக்கு உழுதவருக்கு விசில் கிடைத்தது.

"உனக்கு மட்டும் ஏன்டீ பேப்பர்ல குடுத்திருக்கான்?" என்றாள் மேதா. "இந்தா, என்னோடத எடுத்துக்கோ."

அவள் கப்பை நகர்த்துவதற்குள் பிரசன்னாவின் கை குறுக்கே வந்தது.

"வேணா மேடம், நீங்க குடிங்க. அவங்களுக்கு அதான் பழக்கம்."

பழக்கம். ஷெர்லினுக்குக் காது அடைத்தது. யார் பழக்கியது என்று கேட்க வாயெடுத்தவள், பேப்பர் கப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். விடு, கப்புதானே, காபி ஒன்றுதானே என்று மேதா கையைப் பிடித்தாள். பிரசன்னாமேல் வந்ததைவிட அதிகமான கோபம் அந்த நொடி மேதாமேல் வந்தது. கப்பு வெறும் கப்பாகவே இருந்துவிடும் பிறவி எவ்வளவு சுகமானது. கையை உதறிக்கொண்டு கல்லாவுக்குப் போனாள்.

"பிரசன்னா, எனக்குப் பீங்கான் கப்புல குடு."

"கப்பு எல்லாம் கழுவப் போட்டுகீது," என்றான் அவன், தலை நிமிராமல்.

"கழுவி வரட்டும். நிக்கிறேன்."

பேப்பர் கப்பை அவன் முன்னால் வைத்துவிட்டு நின்றாள். அவள் பின்னால் ஒரு கொரியா அதிகாரி வந்து காபி கேட்டார். பிரசன்னா கை கல்லாவுக்குக் கீழே போய்ப் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கப்பை எடுத்தது. அவள் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்தான். முகம் கொஞ்சம் சிவந்ததே தவிர, வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. போனை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் பேசினான், 'அப்பா' என்றது மட்டும் அவள் காதில் விழுந்தது. அப்புறம் கல்லாமேல் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"தாவீது எங்கப்பா காண்ட்ராக்ட்டுலதான் கீறான். இந்த வயசுல வேற எவன் வேலை குடுப்பான்? யோசிச்சிக்கோ."

நாலு பேர் காதில் விழும்போது அவள் 'அவங்க'. குரல் இறங்கியதும் அறுபது வயது அப்பா 'கீறான்'. கண்ணாடிக்கு வெளியே, சாலைக்கு அந்தப் பக்கம், அப்பா பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு கன்டெய்னர் லாரியைக் கைகாட்டி நிறுத்துவது தெரிந்தது. எவ்வளவு பெரிய வண்டியானாலும் என் கைக்கு நின்றுதான் ஆகவேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பார். வாழ்க்கையில் முதன்முதலாக அவர் சொல்லி மற்றவர்கள் கேட்கிற வேலை அது. தன் சம்பளத்தில் அவரை உட்கார வைத்துச் சோறு போடலாம். ஆனால் அந்தக் கைக்கு அதற்கப்புறம் எது நிற்கும்? திரும்பிப் போய் மேஜையில் உட்கார்ந்துவிட ஒரு கணம் போதும். சிரித்து மழுப்பிவிடலாம். அப்பாவைப்போலவே சிரிக்கலாம் என்று தோன்றியதும் உடம்பெல்லாம் எரிந்தது.

"இன்னும் கழுவலியா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

மேஜைகளில் பேச்சு நின்றது. உள்ளேயிருந்து அஸ்ஸாம் பெண் கழுவிய கப்புகளை ஒரு பெரிய தட்டில் கவிழ்த்துக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தாள். ஷெர்லினைப் பார்த்துச் சிரித்தாள். பீங்கான் கப்பில் ஒரு காபி என்று ஷெர்லின் கேட்டதும், முதலாளி பக்கம் திரும்பாமல், ஈரம் சொட்டும் ஒரு கப்பை நிமிர்த்திக் காபியை ஊற்றினாள். பிரசன்னா வாயைத் திறந்தான். கொரியா அதிகாரி நின்றிருந்தார், மேதா எழுந்து வந்திருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

ஷெர்லின் அங்கேயே நின்று குடித்தாள். அவசரமே படவில்லை. சூடு மட்டும் தெரிந்தது, ருசி தெரியவில்லை. அவன் கண் அவள் முகத்தில் இல்லை, கப்பிலேயே இருந்தது. அவள் போன பிறகு அந்தக் கப்புக்கு என்ன ஆகும் என்பது அவளுக்குப் புரிந்துபோனது. குப்பைக் கூடைக்கும் போகலாம், தனியாக ஒரு மூலைக்கும் போகலாம், நாளைக்கு இவளுக்கென்றே வெளியே வரலாம். ஓலைக் கூரை இருந்திருந்தால் சொருகியே வைத்திருப்பான்.

கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கை கழுவும் தொட்டிக்குப் போய், சோப்புப் போட்டுக் கப்பைத் தேய்த்துக் கழுவினாள். திரும்பி வந்து தட்டில் இருந்த மற்ற கப்புகளுக்கு நடுவே கவிழ்த்தாள். பிறகு இரண்டு கையாலும் எல்லாக் கப்புகளையும் நகர்த்தினாள், முன்னால் இருந்ததைப் பின்னால், ஓரத்தில் இருந்ததை நடுவில், தனக்கே அடையாளம் போகும்வரை. பீங்கான் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மட்டும் கடையில் கேட்டது.

"எதுன்னு பாத்து எடுத்து வெச்சிக்கோ," என்றாள்.

கொரியா அதிகாரி ஒன்றும் புரியாமல், காலிக் கப்பைத் தள்ளி வைத்து, இன்னொரு காபி என்று விரல் காட்டினார். அஸ்ஸாம் பெண் உள்ளே போயிருந்தாள். பிரசன்னாவின் கை கல்லாவுக்குக் கீழே துழாவி, அங்கே வேறு கப் இல்லாமல், தட்டின் பக்கம் போனது. ஒரு கப்பின்மேல் இறங்கப்போய் நின்றது, அடுத்ததற்கு நகர்ந்தது, அங்கேயும் நின்றது.

ஷெர்லினின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அப்பா. கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். கேட்டுக்கு முன்னால், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் இந்தக் கடையையே பார்த்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. பிரசன்னாவின் கை இன்னும் கப்புகளுக்கு மேலே இருந்தது.