இரண்டு பேர் போட்ட சர்க்கரை

சமையலறை அலமாரிக்குள் பாட்டில் வெடித்தபோது பேருந்து ஓட்டுநர் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரையோடு ஓடிவந்து பார்த்தால், அலமாரிக் கதவு ஒரு கீலில் தொங்குகிறது. எதிர்ச்சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் வாளியில் கண்ணாடிச் சில்லு ஒன்று ஆணி மாதிரி குத்தி நிற்கிறது. வீடெல்லாம் இஞ்சி வாசனை. நல்லவேளை, துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போயிருந்தாள் மனைவி.

வீட்டிலேயே சோடா செய்வது அவளுக்குப் புதிதாகப் பிடித்த பைத்தியம். இஞ்சியை நசுக்கி, எலுமிச்சை பிழிந்து, சர்க்கரையும் துளி ஈஸ்ட்டும் போட்டுக் கண்ணாடி பாட்டிலில் இறுக்கி மூடிவைப்பாள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன உள்ளே காற்று சேரும். திறந்தால் புஸ்ஸென்று பொங்க வேண்டும். போன தடவை பொங்கவில்லை. "இஞ்சிக் கஷாயம் பிரமாதம்" என்று அவளுடைய தம்பி கிண்டலடித்துவிட்டுப் போக, அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

சத்தம் கேட்டு மூச்சிரைக்க ஓடிவந்தவள், "பாட்டில்தான் சரியில்ல போலிருக்கு" என்றாள்.

ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "பாட்டில் மேல தப்பில்ல. உனக்குத் தெரியாம நான் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டேன். இந்தத் தடவையும் பொங்கலேன்னா நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவியேன்னுதான்..."

அவள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். "ஐயோ, நானே இந்தத் தடவை ரெண்டு மடங்கு போட்டிருந்தேங்க!"

அலமாரியில் மிச்ச பாட்டில்கள் நின்றன. இருவரும் ஓசைப்படாமல் பின்வாங்கிச் சமையலறைக் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கையோடு அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"பாப்பா ஒண்ண எடுத்துட்டுப் போயிருக்காளே!"

பாப்பா என்றால் கல்யாண வயதுப் பெண். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கூட வேலை பார்ப்பவளுக்குப் பிறந்தநாள், அம்மா கைச் சோடா என்று பெருமையாக எடுத்துப் போயிருந்தாள். ஓட்டுநர் இரண்டு தடவை தப்பு எண்ணை அழுத்தி, மூன்றாவது தடவை அவளைப் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னப்பா? பஸ்ல இருக்கேன், செம கூட்டம்."

"அந்த பாட்டில் எங்கம்மா?"

"பையில. உடைஞ்சிடக் கூடாதுன்னு மடியிலதான் வெச்சிருக்கேன்."

மடியில். அவர் எப்படியோ விஷயத்தைச் சொல்லி முடித்தார். மறுமுனையில் சின்னக் குரலில், "மூடியத் திறந்து விட்டுடட்டுமாப்பா?"

"தொடாதே! மூஞ்சியில அடிக்கும். சீட்டுக்கு அடியில மெதுவா வெச்சுட்டு, பெல் அடிச்சு இறங்கிடு."

மணி அடிப்பது கேட்டது. "ஸ்டாப் இல்லாத எடத்துல நிறுத்த முடியாதும்மா!" என்று அந்த ஓட்டுநர் கத்துவதும் கேட்டது. இவரும் தினமும் கத்துகிற அதே வாசகம். கூட்டத்தைத் தாண்டி அவளால் முன்னால் போகவும் முடியாது. வண்டி எந்த இடத்தில் போகிறது என்று அந்தக் கடகட சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. குழாய் பதிக்கத் தோண்டிப் போட்ட சாலை. ஒவ்வொரு பள்ளமும் அவருக்கு மனப்பாடம். வண்டி குலுங்கும்போதெல்லாம் இங்கே அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஸ்டாப் வந்துடுச்சுப்பா. ஆனா பக்கத்துல ஒரு அக்கா கைக்குழந்தையோட இருக்காங்க. இத எப்படி இங்க வெச்சுட்டுப் போறது?"

"வெச்சுட்டு இறங்குடீ!"

பெற்ற நாளிலிருந்து அவளை அவர் 'டீ' போட்டதில்லை. மனைவி அவரையே வெறித்துப் பார்த்தாள்.

"வழி விடுங்க... வழி விடுங்க..." மகளின் குரல் கூட்டத்தில் நசுங்கியது. கதவு திறந்தது. பேருந்து உறுமிக்கொண்டு போனது.

"வெச்சுட்டியா?"

"இல்லப்பா. கையிலதான் இருக்கு. அந்தப் பக்கம் மணல் கொட்டிருக்காங்க, யாருமில்ல. அங்க வைக்கிறேன்."

காலடிச் சத்தம். அப்புறம் டமாரென்று ஒரு சத்தம்.

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாப்பா! பாப்பா!" என்று ஓட்டுநர் கத்தினார். யார் யாரோ ஓடிவருகிற சத்தம், என்னம்மா என்னம்மா என்கிற குரல்கள். மகள் குரல் மட்டும் இல்லை.

"அப்பா..." என்றது போன். "வெச்சுட்டுத் திரும்பி நடந்துட்டேன்பா. காது கொய்ங்குது. செல்லு விழுந்துடுச்சு. வேற ஒண்ணுமில்ல."

மனைவி முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுது தீர்த்தாள். அழுது முடித்து நிமிர்ந்தபோது அவள் பார்வை வேறு மாதிரி இருந்தது.

"கைக்குழந்தைன்னு அவ சொன்னது காதுல விழுந்துச்சுதானே உங்களுக்கு?"

குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இடம் விடுங்கள் என்று காலமெல்லாம் தொண்டை வற்றக் கத்தியவர் அவர்.

"விழுந்துச்சு. இப்பவும் அதையேதான் சொல்லுவேன்."

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அவ மட்டும் நம்ம பேச்சக் கேட்டிருந்தான்னா?"