கீழறை யாருக்கு?

வீட்டின் கீழறை யாருக்கு என்பதுதான் வழக்கு. அண்ணன் அதைச் செல்போன் உறை விற்பவருக்கு வாடகைக்கு விடப் பார்த்தான். தங்கைக்கோ அங்கே பிலிம் கழுவும் கடை போட ஆசை.

"பிலிம் கேமரா வாங்குற பசங்க பெருகிட்டாங்கண்ணா. கழுவத்தான் இடமில்ல."

"சரி, அம்மாவோட கடைசி ட்ரிப்பை உன் டப்பா கேமராவுல எடு. என் போனை விட நல்லா வந்தா ரூம் உனக்கு."

பஸ் ஓட்டியே இருவரையும் ஆளாக்கிய அம்மாவுக்கு அன்று பணி ஓய்வு. பணிமனை வாசலில் ஒரே கைதட்டல். தங்கை அண்ணனைக் கிண்டலடித்துக்கொண்டே பிலிமை மாட்டினாள். வாய் ஓடியது, கை தவறியது. ஒவ்வொரு படத்துக்கும் பிலிமை நகர்த்தும்போது கேமராவின் இடப்பக்கக் குமிழ் சுற்ற வேண்டும். அதை அவள் கடைசியில்தான் கவனித்தாள். அசையவே இல்லை. பிலிமின் நுனி உள்ளே மாட்டவில்லை. ஒரு படம்கூட விழவில்லை. அவள் மழுப்பவில்லை.

"சொதப்பிட்டேன்மா. ஒண்ணுமே பதியல."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"யானைக்கும் அடி சறுக்கும்," என்றாள் தங்கை.

"முதல்ல யானையாகு!"

"சண்டை போடாதீங்க. பஸ் சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு, ஏறுங்க," என்றாள் அம்மா. கூட்டம் கலைந்திருந்தது. நின்ற பஸ்ஸிலேயே அம்மா தன் இருக்கையில் உட்கார்ந்தாள். அண்ணன் பக்கத்தில் நின்று, எடுத்த படங்களைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை புதுச் சுருளை மாட்டி, குமிழ் சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். இந்தத் தடவை ஜெயம்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணன் எடுத்தவை நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாவற்றிலும் அம்மாவுக்கு அதே சிரிப்பு. எதைச் சட்டம் போட்டு மாட்டுவதென்று புரியாமல், "உன்னோடது எப்ப வரும்?" என்று சாப்பிடும்போதும் நச்சரித்தான். தங்கை குளியலறையை இருட்டாக்கிக் கழுவியபோது அவன் வாசலை விட்டு நகரவில்லை.

பிரிண்ட் போட்டு நீட்டினாள். படத்தில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, இரு கையாலும் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பக்கத்திலேயே அண்ணன், போனைப் பார்த்துச் சிரித்தபடி.

"நான் அங்கயேதானே நின்னேன்..." என்றான் அண்ணன்.

அவன் போனை எடுத்து உறைக்காரரைக் கூப்பிட்டான்.

"ரூம் இல்லீங்க. என் தங்கச்சி கடை போடுறா."