ஓரத்துச் சிவப்பு

கிரேனின் கையில், இரண்டு இரும்புக் குழாய்கள் சேரும் இடத்தில் தலைமுடி அளவு விரிசல். வெல்டிங் சரியில்லை என்று மேனேஜர் அறிக்கை எழுதிவிட்டார். வெல்டர் என் அண்ணன். விசாரணையில் அது உறுதியானால் சான்றிதழைப் பறித்துவிடுவார்கள். இருபது வருடத் தொழில் அத்தோடு போய்விடும்.

அறிக்கையில் ஆதாரமாக ஒட்டியிருந்தது, அங்கேயே இன்ஜினியராக இருக்கும் நான் கம்ப்யூட்டரில் போட்ட படம். இணைப்பு முழுக்கப் பச்சை; குழாயில் குறையில்லை, அப்படியானால் குற்றம் வெல்டிங்கில்தான் என்று அர்த்தம். பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் படம் பிறக்கும் விதம் இது. கம்ப்யூட்டர் குழாயைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கும். சுமை ஏறும்போது ஒவ்வொரு கட்டமும் எவ்வளவு இழுபடுகிறது என்று கணக்கிட்டு வண்ணம் பூசும். இழுப்பு அளவுக்குள் இருந்தால் பச்சை, மிஞ்சினால் சிவப்பு. ஆனால் ஒரு குழாய் இன்னொன்றில் முட்டும் இடத்தில் சுமை சமமாகப் பரவாது. வெல்டிங்கின் ஓரத்தில் ஓரிரு இடங்களில் முண்டியடித்துக்கொண்டு சேரும். அங்கே கட்டம் பெரிதாக இருந்தால் அந்த நெரிசல் சராசரியில் கரைந்துவிடும். அடுப்பின் சூட்டை அறியச் சமையலறைக் காற்றை அளந்த கதைதான்.

"சாயங்காலத்துக்குள்ள படம் வேணும்மா" என்று அன்று மேனேஜர் நெருக்கியதால் பெரிய கட்டம் போட்டேன். அடியில் எழுதியும் வைத்தேன்: 'இணைப்பின் ஓரத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது.' அறிக்கையில் அந்த வரியைக் காணோம்.

விசாரணை அறைக்குக் கம்ப்யூட்டரோடு போனேன்.

"அண்ணனுக்கு வக்காலத்தா?" என்றார் மேனேஜர்.

"கணக்குக்கு அண்ணன் தம்பியெல்லாம் கிடையாது சார்." ஓரத்துக் கட்டங்களைப் பொடியாக்கிக் கணக்கை மறுபடி ஓடவிட்டேன். "நாப்பது நிமிஷம் ஆகும்."

"அவ்ளோ நேரமா?"

"என் இருபது வருஷம் போகப்போகுது. நாப்பது நிமிஷம் உக்கார முடியாதா உங்களுக்கு?" என்றான் அண்ணன்.

நாற்பது நிமிடம் கழித்துத் திரையில் இரண்டு சிவப்புப் பொட்டுகள் எழுந்தன. விரிசலின் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அதே இடம்.

"வெல்டிங் மோசம்னா வெல்டிங்குக்குள்ளயே விரிசல் விட்டிருக்கும். இது அதோட ஓரத்துல, குழாய்லதான் ஆரம்பிச்சிருக்கு. குழாயோட தடிமனே பத்தலை" என்றேன்.

விசாரணை அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். "அந்த வரிய எடுத்தது யாரு?"

"நான்தான் சார். படத்துக்குக் கீழ எழுத்து இருந்தா அசிங்கமா தெரிஞ்சுது."

விசாரணைக்காக வாங்கி வைத்திருந்த சான்றிதழை அதிகாரி அண்ணனிடம் நீட்டினார். அவன் கை நீட்டவில்லை.

"இது இருக்கட்டும் சார். இதே தடிமன் குழாயில இன்னும் நாலு கிரேன் ஓடிக்கிட்டிருக்கு. முதல்ல அதை நிறுத்தச் சொல்லுங்க."