மூன்று கிலோ சந்தேகம்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலையிடத்தில் வைத்திருந்த பெயர் ஓவர்லோடு. நூற்று நாலு கிலோ. பழைய கட்டடங்களில் இருக்கும் சின்ன லிஃப்டில் அவரோடு மூன்று பேர் ஏறினாலே மணி அடிக்கத் தொடங்கிவிடும். அவரும் சிரித்துக்கொண்டே இறங்கி, "நீங்க போங்க, நான் படியில வர்றேன்" என்பார். ஆனால் ஒருநாள் லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் இறங்கியவரால் திரும்ப மேலே ஏற முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கிப் போட்டார்கள். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

அடுத்த பதினாறு மாதம் வாயைக் கட்டினார். எழுபத்தாறு கிலோ என்று இலக்கு வைத்தார், எழுபத்தாறில் வந்து நின்றார். தெருவில் எதிரே வந்த பழைய சினேகிதர் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனபோது, அவரைக் கூப்பிட்டு நிறுத்திச் சொல்லாமல் அந்தச் சந்தோஷத்தைத் தனியாகவே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வம்பு அதற்கப்புறம்தான் வந்தது.

இலக்கைத் தொட்ட மூன்றாவது மாதம் எடைமெஷின் எழுபத்தேழு காட்டியது. போகட்டும், தண்ணீராக இருக்கும் என்றார். நாலாவது மாதம் எழுபத்தெட்டைத் தாண்டியது. ஐந்தாவது மாதத்தில் முழுசாக எழுபத்தொன்பது. சாப்பாட்டில் ஒரு பருக்கை கூடவில்லை. காலையில் இரண்டு முட்டை, மதியம் கைப்பிடி அளவு சோறும் காய்கறியும், ராத்திரி சூப்பு. எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்துத்தான் தட்டில் போடுவார். பிறகு இந்த மூன்று கிலோ எந்தச் சந்து வழியாக உள்ளே வந்தது?

முதலில் மெஷினைத்தான் சந்தேகப்பட்டார். லிஃப்டின் சுமையைச் சோதிக்க இருபது கிலோ இரும்புக் கட்டிகள் வைத்திருப்பார்கள். அதில் ஒன்றைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்து மெஷின் மேல் வைத்தார். இருபது என்று காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் இருபது.

"என்னங்க இது?" என்றாள் மனைவி, ஈரக் கையோடு வந்து.

"மெஷின் பொய் சொல்லுதான்னு பாத்தேன்."

"சொல்லுதா?"

"இல்ல. அது யோக்கியமாத்தான் இருக்கு."

அந்த 'அது'வில் ஒரு அழுத்தம் விழுந்துவிட்டது. மனைவி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மெஷின் யோக்கியம் என்றால் வேறு யாரோ அயோக்கியம் என்றுதானே கணக்கு? வீட்டில் இருப்பது மூன்று பேர். மகள் காலையில் கல்லூரிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவாள், அடுப்புப் பக்கம் எட்டிப்பார்க்காத பெண். மிச்சம் யார்? சமைக்கிற கை யாருடையதோ அதுதான்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சூப்பின் மேல் மினுமினுப்பு தெரிந்தது. முட்டை அளவுக்கு மீறி வழவழப்பாக இருந்தது. அவர் அறைக்குள் நுழைந்தால் அம்மாவும் மகளும் பேச்சை நிறுத்தினார்கள். மனைவி முன்பு இரண்டு தடவை கேட்டிருந்தாள்: "சட்டையெல்லாம் புதுசு புதுசா வாங்கறீங்களே, யாருக்காம்?" அப்போது சிரிப்பாக எடுத்துக்கொண்டது இப்போது முள்ளாகக் குத்தியது. 'ஓகோ, நான் இளைச்சது இவளுக்குப் பிடிக்கல. பழையபடி ஆக்கிடணும்னு பாக்கறா.'

ஒரு திங்கட்கிழமை, எண்ணெய் பாட்டிலின் பின்பக்கம், எண்ணெய் நிற்கும் மட்டத்தில் பேனாவால் மெல்லிசாக ஒரு கோடு போட்டார். வியாழக்கிழமை பார்த்தால் எண்ணெய் கோட்டுக்கு நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. அவருக்குச் சமைக்க அதில் ஒரு விரல் கூடச் செலவாகாது. எண்ணெய் போன இடம் தன் வயிறுதான் என்று தீர்மானித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம், மருந்துக் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தார். சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினார். முன்னறையில் யாருமில்லை. சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. அதையும் மீறி வந்தது வாசம், எண்ணெயில் பொரியும் உருளைக்கிழங்கின் வாசம். ஒன்றேமுக்கால் வருஷமாக அந்த வீட்டில் செத்துப்போயிருந்த வாசம்.

கதவைத் தள்ளினார்.

மனைவி அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாய் நிறைய இருந்தது. அவரைக் கண்டதும் தட்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். இருபத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவள், மிட்டாய் திருடிய பிள்ளை போல நின்றாள்.

"பிடிச்சேன் பாரு!" என்றார் அவர். "இதைத்தானே என் சூப்புல ஊத்தறே?"

அவள் மென்று விழுங்கினாள். அதற்கு நேரம் எடுத்தது.

"உங்க சூப்புல நான் எதுக்கு ஊத்தணும்? இது எனக்கு. எனக்குங்க."

"அப்ப கதவை எதுக்குச் சாத்தினே?"

"நீங்க வந்துடுவீங்கன்னுதான்."

"நான் வந்தா என்ன? சாப்பிடாதேன்னு என்னைக்காவது சொல்லியிருக்கேனா?"

"வாயால சொல்லணுமா?" அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது. "நான் ரெண்டாவது கரண்டி எடுத்தா உங்க கண்ணு என் தட்டுல வந்து உக்காந்துக்குது. என் தங்கச்சி வீட்டுல இன்னொரு துண்டு கேக் எடுத்தேன், தொண்டையைச் செருமினீங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நம்ம பொண்ணும் காலேஜ் கேன்டீன்லயே சாப்பிட்டுட்டு, பசியில்லன்னு வந்து படுத்துக்கறா. இந்த வீட்டுல நாங்க ரெண்டு பேரும் திருட்டுத்தனமாத்தான் பசியாறறோம்."

கையும் களவுமாகப் பிடிக்க வந்தவர், பிடிபட்டவர் மாதிரி நிலைப்படியில் நின்றார். ஆனாலும் சந்தேகம் என்பது அட்டை, ஒரே இழுப்பில் விடாது.

"சரி. அப்ப என் மூணு கிலோ?"

"அது எனக்கெப்படித் தெரியும்? உங்க உடம்பு, உங்களைத்தான் கேக்கணும். போலீஸ் நாய் மாதிரி என்னை மோந்து பாத்தது போதும்."

அதற்கப்புறம் ஒரு வாரம் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. அவர் சூப்பைக் குடிக்கும்போது மினுமினுப்பு தெரிகிறதா என்று இன்னமும் பார்த்தார். தெரியவில்லை. தெரியாததும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுவாரம் புதன்கிழமை பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பேர். மெக்கானிக்குகள் எல்லாரும் வெளியே போயிருந்தார்கள். புகார் அறையில் போனை எடுத்தவர் அவர்தான். இளைத்த கையோடு பதவி உயர்வு கிடைத்து, ஐந்து மாதமாக அந்த அறையில் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, எந்த லிஃப்டுக்கு யார் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பது அவர் வேலை. இன்றைக்குத் தானே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

இயந்திர அறை மொட்டை மாடியில். படியில் ஏறத் தொடங்கினார். நாலாவது மாடியில் மூச்சு இரைத்தது. ஆறாவது மாடியில் கண் இருட்டி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் சிக்கியிருந்த ஒரு அம்மாள், "யாராவது இருக்கீங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"வந்துட்டேம்மா, பயப்படாதீங்க" என்றார். சொல்லி முடிக்க இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

ஆறு மாதத்துக்கு முன்னால் இதே பையோடு இதே கட்டடத்தில் நிற்காமல் ஏறியவர் அவர். ஒருநாளைக்கு ஏழெட்டுக் கட்டடம், அத்தனைக்கும் படி. நாற்காலிக்கு வந்தபிறகு ஏறியது வீட்டு வாசலின் மூன்று படி. தட்டில் விழுந்ததைக் கிராம் கிராமாக நிறுத்தவர் காலில் குறைந்ததை நிறுக்கவில்லை.

மீதியை ஏறி, மோட்டாரின் பிரேக்கை விடுவித்து, லிஃப்டைத் தளத்துக்குக் கொண்டுவந்து, உள்ளே இருந்த இருவரையும் இறக்கிவிட்டபின், நேராக மருத்துவமனைக்குப் போனார். முன்பு இளைக்க வழி சொல்லிக்கொடுத்த உணவு ஆலோசகர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நூத்திநாலு கிலோ உடம்புக்கு வேண்டியது எழுபத்தாறு கிலோ உடம்புக்கு வேண்டாம். அதுக்கு மேல உக்காந்த வேலை வேற. யாரும் எதையும் ஊத்தலைங்க."

"அப்ப இன்னும் குறைச்சுச் சாப்பிடவா?"

"ஐயோ, வேண்டாம். ஏற்கெனவே பட்டினிதான் கெடக்கறீங்க. நடங்க, படி ஏறுங்க, கொஞ்சம் கனம் தூக்குங்க. ஒரே நம்பரைக் கட்டிக்கிட்டு அழாதீங்க. எழுபத்தாறுலேர்ந்து எழுபத்தொன்பதுக்குள்ள எங்க நின்னாலும் நல்லதுதான். வாரத்துக்கு ஒரு தடவை ஏறிப் பாருங்க, போதும்." பிறகு எழுதிக்கொண்டே கேட்டார்: "வீட்ல எல்லாரும் சேந்துதானே சாப்பிடறீங்க?"

அவர் சீட்டை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மேலாளரிடம் பேசி, வாரத்தில் மூன்று நாள் கட்டடங்களுக்குப் போகும் வேலையைத் திரும்ப வாங்கினார். வீட்டில் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தானே உருளைக்கிழங்கைச் சீவிப் பொரித்து, மூன்று தட்டு வைத்து, இருவரையும் கூப்பிட்டார்.

மனைவி தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இது என்ன புது நாடகம்? நான் எத்தனை துண்டு எடுக்கறேன்னு எண்ணவா?"

"இல்ல. மூணு கிலோவும் நாற்காலியில வந்தது. உன்மேல பழி போட்டுட்டேன். தப்புதான்."

அவள் உடனே நம்பிவிடவில்லை. ஒரு துண்டை எடுத்து, அவர் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே கடித்தாள். மகள் தயக்கத்தோடு தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அவர் தனக்கென்று கொஞ்சம் எடுத்து நிதானமாகத் தின்றார்.

இப்போது அவர் எழுபத்தெட்டில் நிற்கிறார். சில வாரம் அரைக் கிலோ ஏறும், சில வாரம் இறங்கும். உடம்பு ஒருவழியாக அடங்கிவிட்டது. கண்தான் இன்னும் அடங்கவில்லை. மனைவி இரண்டாவது தடவை கரண்டியை எடுக்கும்போது அது தானாக அந்தப் பக்கம் போகும்.

"கண்ணு!" என்பாள் அவள்.

அவர் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். திரும்பிவிட்டாரா என்று அவள் நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் கரண்டி தட்டுக்கு வரும்.